நிறைவும் நிறுத்தமும்

பொருளை அளந்து கொடுக்கும் கருவி எதுவாயினும் அதனிடம் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. எதற்காகத் திறக்கிறாய்? எதற்காக மூடுகிறாய்? முதற் கேள்விக்கு விடை எளிது. கை அழுத்துகிறது, வழி திறக்கிறது. இரண்டாவது கேள்வியிலேதான் விஞ்ஞானமும் இருக்கிறது, சமுதாயமும் இருக்கிறது.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பிப்பவன் நான். அமுக்கம் பற்றிய பாடத்தின் நடுவே ஒரு மாணவன் எழுந்து, "சேர், பெற்றோல் அடிக்கேக்க தாங்கி நிறைஞ்ச உடனே 'டக்' எண்டு தானாவே நிக்குது. நிறைஞ்சது அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். பாடநூலில் இல்லாத கேள்வி. ஆனால், பாடத்தின் உயிர் அதுவே.

இரண்டு கடதாசித் தாள்களைச் சிறிது இடைவெளி விட்டுத் தொங்கப் பிடித்து, நடுவே ஊதச் சொன்னேன். தாள்கள் விலகுமென்று வகுப்பு எதிர்பார்த்தது. அவை ஒன்றையொன்று நெருங்கின. ஒடுங்கிய வழியில் விரைந்து பாயும் பொருளின் அமுக்கம் குறைகிறது. 1738இல் டானியல் பேர்னூலி தமது நூலில் விளக்கிய உண்மை இது. ஒடுங்கிய குழாயில் இதனை ஆராய்ந்து 1797இல் எழுதிய இத்தாலியரான வெஞ்சூரியின் பெயரை அத்தகைய குழாய் இன்றும் தாங்கி நிற்கிறது.

பெற்றோல் குழாயின் கைப்பிடிக்குள் நிகழ்வதும் இதுவே. நெம்பை அழுத்தினால், வில்லொன்றினால் மூடப்பட்டிருக்கும் வால்வு எழுந்து வழிவிடுகிறது. எண்ணெய் ஓர் ஒடுங்கிய இடுக்கைக் கடக்கிறது. அங்கே உறிஞ்சல் பிறக்கிறது. குழாயின் நுனியிலுள்ள சிறு துவாரத்திலிருந்து ஒரு மெல்லிய காற்றுக்குழல் அவ்விடுக்கு வரை வருகிறது. காற்று தடையின்றி வரும் வரையில் உறிஞ்சல் யாரையும் வருத்துவதில்லை. தாங்கியில் எண்ணெய் உயர்ந்து துவாரத்தை மூடியதும் காற்று நின்றுவிடுகிறது, உறிஞ்சல் ஒரு மென்தகட்டை இழுக்கிறது, தகடு தாழை விடுவிக்கிறது, நெம்பு பிடியிழக்கிறது, வில் வால்வைச் சாத்துகிறது. 'டக்' என்ற ஓசை அதுதான். மின்சாரம் வேண்டாம், கணினி வேண்டாம். பாயும் எண்ணெயே தன்னை நிறுத்திக்கொள்ளும் வலுவைத் தருகிறது. சொட்டுச் சொட்டாக விட்டால் மட்டும் உறிஞ்சல் போதாது. அப்போது கருவிக்கு நிறைவு தெரியாது.

இந்த வால்வு செல்வனின் காரையும் கூலிக்கு ஓடும் முச்சக்கர வண்டியையும் வேறுபடுத்துவதில்லை. அது அறிந்த நியாயம் ஒன்றே: தேவை நிறைந்தால் நிறுத்து.

ஆனால், 2022ஆம் ஆண்டு நம் நாடு வேறுவகை நிறுத்தங்களைக் கண்டது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசு அறிவித்தது. டொலர் இல்லை, ஆகவே, எண்ணெய்க் கப்பலும் இல்லை. ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என்றாயிற்று. நானும் வரிசையில் நின்றேன். ஓய்வுள்ளவனும் உடல்வலிமை உள்ளவனும் வரிசையில் வென்றார்கள். அன்றாடங் கூலியாளி ஒரு நாட் சம்பளத்தை அங்கேயே இழந்தான்.

பின்னர் கியூ.ஆர். குறியீட்டு முறை வந்தது. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. மோட்டார் சைக்கிளோடு நின்ற எங்களுக்கு அந்நாட்களில் 'டக்' என்ற ஓசை அரிதாகவே கேட்டது. தாங்கி நிறைந்து வால்வு மூடுவதற்கு முன்பே அளவு முடிந்துவிட்டது. இது இரண்டாவது நிறுத்தம், பங்கீட்டின் நிறுத்தம். காருடையவனுக்கே கூடிய பங்கு என்ற குறை அதில் உண்டு. ஆயினும், காசை நீட்டிப் பங்கைப் பெருக்கிக்கொள்ள அந்த அட்டவணை இடம் தரவில்லை. பற்றாக்குறைக் காலத்தில் பங்கீடு அவமானமன்று; பங்கீடு இல்லாத பற்றாக்குறைதான் அவமானம்.

மூன்றாவது நிறுத்தத்தைப் பார்க்க எரிபொருள் நிலையத்திற்குப் போகவே தேவையில்லை. 2022 ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றரொன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. நட்டத்துக்கு விற்க முடியாது என்பது அரசு கூறிய காரணம். கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால், வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் வேண்டும். குப்பி விளக்கும் மண்ணெண்ணெயடுப்பும் உள்ள குடிசைக்கும் வேண்டும். காரும் குளிரூட்டியும் உள்ள வீட்டுக்கு அது வேண்டியதில்லை. நெம்பும் வில்லும் தகடும் இல்லாமலே, விலை என்னும் வால்வு ஏழையின் முகத்தை மட்டும் அறிந்து மூடியது. என் மாணவரிற் சிலரின் தந்தையர் அந்த வாரங்களில் வள்ளத்தைக் கரையில் ஏற்றி வைத்திருந்தனர்.

இவையெல்லாம் நடந்த ஊரிலேதான் சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றன. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பிரித்தானியர் தம் கடற்படைக்காகக் கட்டியவை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கியபோது ஒரு குதம் எரிந்தழிந்தது. இன்று இருப்பவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். 1957இல் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 குதங்கள் லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. 2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு இராச்சியமும் இலங்கையும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன.

குதம் இருந்தால் மட்டும் எண்ணெய் வந்துவிடாது என்பதை 2022 நமக்குக் கற்பித்தது. அந்நிய முதலீடு வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். ஆனால், அந்த விவாதத்தில் பேசவேண்டியவர்கள் வள்ளக்காரரும் முச்சக்கர வண்டிச் சாரதிகளுமாவர். அவர்களுடைய பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள். வால்வின் படத்தை வரைந்து பாகங்களைப் பெயரிட்டால் பரீட்சைக்குப் புள்ளி கிடைக்கும். அதே பிள்ளைகள் வளர்ந்து, தம் ஊரின் 99 குதங்களை நோக்கி, எதற்காகத் திறக்கிறாய், எதற்காக மூடுகிறாய் என்று கேட்பார்களாயின், நாம் கற்பித்தது விஞ்ஞானமென்று நான் நம்புவேன்.