நடுக்கடலில் ஓர் ஆள்

சொகுசுக் கப்பல் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். நீலக் கடல், நீச்சல் குளம், சிரித்த முகங்கள், கீழே கொட்டை எழுத்தில் ஒரு விலை. அந்த விலைக்குப் பக்கத்தில் எறும்பு சைஸில் இன்னொரு வரி இருக்கும். அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு இந்த விலை என்று! தனியாகப் போகிறவர், காலியாகக் கிடக்கும் இன்னொரு கட்டிலுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும். சில கப்பல்களில் அது முழுசாக இரண்டு டிக்கெட் விலை. 2010இல் ஓட ஆரம்பித்த 'நார்வீஜியன் எபிக்' கப்பலில் ஒற்றை ஆளுக்கென்றே 128 சின்ன அறைகள் கட்டினார்கள். தனி ஆளும் ஒரு மார்க்கெட்தான் என்று கம்பெனிக்காரர்களுக்கு உறைக்க அத்தனை காலம் ஆயிருக்கிறது.

அப்படிப் போகிறவருக்குக் கடல் கொந்தளித்தால் பெரிய கவலை இல்லை. ஆட்டத்தைக் குறைக்கக் கப்பலின் இரண்டு பக்கமும் மீன் துடுப்பு மாதிரி இறக்கைகள் உண்டு. கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் அறை எடுத்தால் ஆட்டம் இன்னும் குறைவு. தலை சுற்றினால் மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காதுக்குள் இருக்கும் உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது, அறைச் சுவரைப் பார்க்கும் கண் 'ஆடவில்லை' என்கிறது. இந்தச் சண்டையில்தான் குமட்டல் வருகிறது. தொடுவானத்தைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒரே பேச்சுக்கு வந்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால் போனை எடுத்தால் டாக்டர் வந்து கதவைத் தட்டுவார்.

கதவைத் தட்ட ஒருவரும் இல்லாத தனிப் பயணமும் இருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றி.

அபிலாஷ் டோமி என்ற பெயரைச் சிலர் செய்தித்தாளில் பார்த்திருக்கலாம். கேரளத்துக்காரர், இந்தியக் கடற்படையில் விமானியாக இருந்தவர். 2012 நவம்பர் 1ஆம் தேதி மும்பையிலிருந்து 'மாதேய்' என்ற 56 அடிப் பாய்மரப் படகில் தனியாகக் கிளம்பினார். எந்தத் துறைமுகத்திலும் நிற்கவில்லை, யாரிடமும் உதவி வாங்கவில்லை. உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு 2013 மார்ச் 31ஆம் தேதி மும்பைக்கே திரும்பினார். மொத்தம் 151 நாள். இதைச் செய்த முதல் இந்தியர் அவர். (அவருக்கு முன்பே 2009-10இல் திலீப் தோண்டே தனியாகச் சுற்றி வந்தார். ஆனால் வழியில் நான்கு இடங்களில் நின்று போனார். அவர் காட்டிய வழி இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.)

ஒரு மனிதனுக்கு ஒரு தடவை போதாதா? போதாது போலிருக்கிறது. 2018இல் 'கோல்டன் குளோப்' பந்தயத்தில் சேர்ந்தார். இந்தப் பந்தயத்தின் விதிகள் விசித்திரமானவை. 1968இல் இதே பெயரில் முதல் பந்தயம் நடந்தபோது என்ன வசதி இருந்ததோ அதை மட்டும்தான் பயன்படுத்தலாம். ஜிபிஎஸ் கிடையாது. சூரியனையும் நட்சத்திரங்களையும் அளந்து காகித வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். ஆபத்துக்கு மட்டும் சாட்டிலைட் கருவிகள். 1968இல் கிளம்பியவர்களில் ஊர் வந்து சேர்ந்தவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவர்தான், 312 நாள் கழித்து. அவருடைய 'சுஹைலி' படகு நம்ம பம்பாயில் தேக்கில் கட்டியது! அதே அச்சில் டோமிக்காகக் கோவாவில் ஒரு படகு கட்டினார்கள். பெயர் 'துரியா'.

2018 ஜூலை 1ஆம் தேதி பிரான்ஸின் லெ சாப்ல் தொலோன் துறைமுகத்திலிருந்து படகுகள் கிளம்பின. செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் டோமி மூன்றாம் இடத்தில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் இருந்தார். தெற்கே 40ஆவது அட்சரேகையை ஒட்டிய பகுதி அது. அங்கே மேற்கிலிருந்து அடிக்கிற காற்றைத் தடுக்க நிலம் மிகக் குறைவு. உலகத்தைச் சுற்றிச் சுற்றி அடிக்கும். காற்று எவ்வளவு தூரம் தடையில்லாமல் ஓடுகிறதோ அலையும் அவ்வளவு உயரம் வளரும்.

அப்படிப்பட்ட இடத்தில் புயல் வந்தால் தனி ஆள் என்னதான் செய்வார்? கேட்டால் ஏமாற்றமாக இருக்கும், அவ்வளவு சாதாரண வேலைகள். பெரிய பாய்களை இறக்கிவிட்டு, கைக்குட்டை மாதிரி ஒரு சின்னப் பாயை மட்டும் வைத்துக்கொள்வார். உள்ளே தட்டு, டம்ளர், டின், கருவிப் பெட்டி எல்லாவற்றையும் கட்டி வைப்பார். படகு உருண்டால் ஒரு டின் சாப்பாடு மண்டையை உடைத்துவிடும். தன்னையும் கயிற்றால் படகோடு கட்டிக்கொள்வார். படகின் பின்னால் நீளமான கனத்த கயிறுகளை விட்டு இழுத்துக்கொண்டு போனால் வேகம் குறையும், படகு அலையில் குப்புற விழாது என்பது ஒரு கட்சி. நாக்ஸ்-ஜான்ஸ்டன் இந்தக் கட்சி. கயிற்றை அறுத்துவிட்டு அலையோடு வேகமாக ஓடு என்பது இன்னொரு கட்சி. பிரெஞ்சுக்காரர் மொய்த்தெசியே அந்தக் கட்சி. ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் இந்த வாதம் முடியவில்லை! இதெல்லாம் செய்து முடித்த பிறகு பாக்கி இருப்பது காத்திருப்பதுதான். சுக்கானைக் காற்றின் திசை பார்த்துத் தானே திருப்பும் கருவியிடம் விட்டுவிட்டு, உள்ளே போய்ப் படுத்து, கிடைத்த நேரத்தில் குட்டித் தூக்கம் போடுவார்கள்.

செப்டம்பர் 21ஆம் தேதி எதுவும் பலிக்கவில்லை. மணிக்கு சுமார் 130 கிலோமீட்டர் வேகக் காற்று, 14 மீட்டர் அலை. நாலு மாடிக் கட்டிடம் எழுந்து நடந்து வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். துரியா தலைகீழாகப் புரண்டது. கீழே கனம் வைத்துக் கட்டிய படகு என்பதால் தானாகவே நிமிர்ந்தும் விட்டது. ஆனால் பாய்மரம் ஒடிந்துவிட்டது. இதற்குள் டோமி எங்கே இருந்தார்? உச்சியில், கைக்கடிகாரத்தின் பட்டை சிக்கிக்கொண்டு பாய்மரத்தில் தொங்கியதாகப் பின்னர் அவரே சொல்லியிருக்கிறார். பட்டை அறுந்தது. பாயைத் தாங்கும் குறுக்குக் கட்டையின் மேல் முதுகு அடிபட விழுந்தார்.

ஊர்ந்து உள்ளே போய்ப் படுத்தவர்தான், எழ முடியவில்லை. குறுஞ்செய்தி அனுப்பும் ஒரு சின்னக் கருவி மட்டும் கையில் இருந்தது. பாய்மரம் போய்விட்டது, முதுகில் பலத்த அடி, எழுந்திருக்க முடியவில்லை என்று தந்தி மாதிரி ஒரு செய்தி போனது. அடுத்து வந்த செய்திகள் இன்னும் மோசம். கால் விரல்களை அசைக்க முடிகிறது, ஆனால் மரத்துப் போயிருக்கிறது. சாப்பிட முடியவில்லை. சாட்டிலைட் போன் வைத்திருந்த அவசரப் பையை எட்டி எடுப்பதே கஷ்டம். பிறகு எப்படியோ சில ஐஸ் டீ டின்கள் கைக்குக் கிடைத்தன. குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தது.

அந்தப் பையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆபத்துக்கென்றே பார்த்துப் பார்த்து அடுக்கிய பை அது, சில அடி தள்ளித்தான் இருந்தது. நல்ல முதுகோடு இருக்கிறவருக்குச் சில அடி ஒரு தூரமா? முதுகு உடைந்தவருக்கு அது பக்கத்து ஊர்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்திலிருந்து அவர் கிடந்த இடம் சுமார் 1,900 கடல் மைல். கிட்டத்தட்ட 3,500 கிலோமீட்டர். இந்தத் தூரத்தில் ஒருவர் உண்மையிலேயே தனிதானா என்று பார்த்தால்தான் ஆச்சரியம். கான்பெராவில் இருந்த மீட்பு மையம் வேலையைக் கையில் எடுத்தது. மொரீஷியஸிலிருந்து இந்தியக் கடற்படையின் பி-8ஐ விமானம் கிளம்பிப் போய், ஒடிந்த பாய்மரம் பக்கவாட்டில் தொங்க உருண்டுகொண்டிருந்த துரியாவைக் கண்டுபிடித்தது. (இந்த விமானங்களின் தாய்வீடு நம்ம அரக்கோணத்தில் இருக்கும் ராஜாளி தளம்!) மேலே விமானம் வட்டமிட்டபோது, டோமி அவசரக் கருவியை அழுத்திப் பதில் சொன்னார். உயிரோடுதான் இருக்கிறார் என்று ஊருக்குத் தெரிந்தது. இந்தியப் போர்க்கப்பல் சாத்புராவும் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் பல்லாரட்டும் திரும்பின. ஆனால் பக்கத்தில் இருந்தது 'ஒசிரிஸ்' என்ற பிரெஞ்சு மீன்வளக் கண்காணிப்புக் கப்பல்.

இவர்களை எல்லாம் விடுங்கள். கிரிகோர் மக்கக்கின் என்ற அயர்லாந்துக்காரரை மறக்கவே கூடாது. அவரும் அதே பந்தயத்தில் தனியாக வந்தவர். அதே புயலில் அவர் படகும் புரண்டு இரண்டு பாய்மரங்களும் போய்விட்டன. அவருக்கு வேண்டியது உதவி. அவர் செய்ததோ, உடைந்த கட்டைகளை வைத்து ஒரு தற்காலிகப் பாய்மரம் கட்டி, டோமி கிடந்த திசையில் படகைத் திருப்பியது! நடக்கிற வேகம்கூட இல்லை. இருந்தாலும் வந்துகொண்டே இருந்தார்.

செப்டம்பர் 24ஆம் தேதி ஒசிரிஸிலிருந்து ஒரு ரப்பர் படகு போய், டோமியை ஸ்ட்ரெச்சரில் எடுத்து வந்தது. அப்புறம் மக்கக்கின்னையும் ஏற்றிக்கொண்டு, இருவரையும் ஆம்ஸ்டர்டாம் என்ற குட்டித் தீவுக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்து சாத்புரா டோமியை அழைத்து வந்தது. முதுகெலும்பில் அறுவை சிகிச்சை. டைட்டானியம் தண்டு வைத்து, ஐந்து முள்ளெலும்புகளை ஒன்றாக இணைத்துவிட்டார்கள்.

இந்த மாதிரிச் செய்தி வரும்போதெல்லாம் டீக்கடையிலும் கேன்டீனிலும் ஒரு கேள்வி வரும். இவர் விருப்பப்பட்டுப் போவார், ஊர்ப் பணத்தில் போர்க்கப்பல் அனுப்ப வேண்டுமா? அநியாயமான கேள்வி என்று தள்ளிவிட முடியாது. அதே பந்தயத்தில் டிசம்பர் 5ஆம் தேதி சூசி குடால் என்ற 29 வயது இங்கிலாந்துப் பெண்ணின் படகு கேப் ஹார்ன் முனைக்கு மேற்கே சுமார் 2,000 மைலில் குட்டிக்கரணம் அடித்தது. வேகத்தைக் குறைக்கப் பின்னால் கட்டியிருந்த கயிறு அறுந்துவிட்டது. தன் வேலையாகப் போய்க்கொண்டிருந்த 'தியான் ஃபு' என்ற சரக்குக் கப்பல் வழி மாறிப் போய், டிசம்பர் 7ஆம் தேதி கிரேன் வைத்து அவரைத் தூக்கியது. ஒரு சரக்குக் கப்பல் வழி மாறினால் எரிபொருள் எவ்வளவு, நாள் எவ்வளவு, சரக்கு தாமதம் எவ்வளவு... காஸ்டிங் படிக்கிறவர்களுக்குக் கை பரபரக்கும்.

ஆனால் கடலில் கணக்கு வேறு. கப்பலையோ சரக்கையோ காப்பாற்றினால் கூலி உண்டு, அதற்குச் சட்டம் இருக்கிறது. உயிரைக் காப்பாற்றினால் காப்பாற்றப்பட்டவரிடம் கூலி கேட்க முடியாது. 1989ஆம் ஆண்டின் சர்வதேச மீட்பு ஒப்பந்தம் அப்படித்தான் சொல்கிறது. ஆபத்தில் இருப்பவர் பற்றித் தகவல் கிடைத்தால் கப்பல் கேப்டன் உதவிக்குப் போயே ஆக வேண்டும் என்பதும் சட்டம். 1912இல் டைட்டானிக் மூழ்கியதற்குப் பிறகு 1914இல் பிறந்த சோலாஸ் ஒப்பந்தத்தின் இன்றைய வடிவத்தில் அது இருக்கிறது.

பில் இல்லாவிட்டாலும் வரவு செலவு இல்லாமல் இல்லை. நம் ஊர் மொய் மாதிரிதான். இன்றைக்கு நீ வைக்கிறாய், உன் வீட்டு விசேஷத்துக்கு வேறு யாரோ வைப்பார்கள். நோட்டில் எழுதாத மொய். 2018 பந்தயத்தில் கடைசியாக வந்தவர் பின்லாந்தின் தாபியோ லெஹ்தினன். படகின் அடியில் கொட்டலசு மண்டி, 322 நாள் ஆனது. அவர் 2022 பந்தயத்திலும் வந்தார். நவம்பரில் தென்னாப்பிரிக்காவுக்குத் தென்கிழக்கே அவர் படகு சில நிமிஷங்களில் மூழ்கிவிட்டது. ரப்பர் மிதவையில் ஒரு நாள் கிடந்தவரைத் தேடி வந்து எடுத்தது, அதே பந்தயத்தில் ஓடிய கிர்ஸ்டன் நொய்ஷாஃபர் என்ற தென்னாப்பிரிக்கப் பெண். ஏற்றி, ஆளுக்குக் கொஞ்சம் ரம் குடித்து, அங்கே வந்த சரக்குக் கப்பலில் அவரை ஒப்படைத்துவிட்டு மறுபடி பந்தயத்தில் ஓட ஆரம்பித்தார். 2023 ஏப்ரல் 27ஆம் தேதி முதல் ஆளாக வந்ததும் அவர்தான்! தனியாக உலகைச் சுற்றும் பந்தயத்தில் ஒரு பெண் ஜெயித்தது அதுவே முதல் முறை.

அவருக்கு இரண்டு நாள் பின்னால், ஏப்ரல் 29ஆம் தேதி, இரண்டாவதாக வந்தவர் யார் தெரியுமா? முதுகில் டைட்டானியத்தோடு அபிலாஷ் டோமி.

ஆமாம், மறுபடியும் போனார். 2022 செப்டம்பர் 4ஆம் தேதி அதே துறைமுகம், அதே விதிகள், 'பயனட்' என்று வேறொரு படகு. விழுந்த கடலையும் தாண்டித்தான் போக வேண்டும், வேறு வழி கிடையாது. 236 நாள். கிளம்பிய பதினாறு பேரில் பெரும்பாலோர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். இவர் படகிலும் ஒவ்வொன்றாக உடைந்தது. சுக்கானைத் திருப்பும் கருவியின் பலகை உடைந்தபோது மாற்றுப் பலகைக்கு எங்கே போவது? கழிவறைக் கதவைக் கழற்றி அறுத்துச் செய்துகொண்டார். மீதி உலகத்தைக் கதவில்லாத கழிவறையோடுதான் சுற்றி வந்தார். தட்டத்தான் யாரும் இல்லையே!