அப்பாவின் டிராக்டருக்கு ஒரு கை

போன வருஷம் நவம்பரில் அப்பாவைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். அவர் வீட்டு டிரைவ்வேயில் பனி தள்ளுவதற்கு சீசன் முழுக்க ஓர் ஆளை ஏற்பாடு செய்து, பணமும் கட்டிவிட்டேன்.

காரணம் நியாயமானதுதான். அப்பாவுக்கு வயது 71. கோடையில் வலது தோள்பட்டையில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அவர் கராஜில் நிற்பதோ 1966-ஆம் வருஷத்து வீல் ஹார்ஸ் தோட்ட டிராக்டர். பக்கத்து மாநிலம் இந்தியானாவில், சவுத் பெண்ட் ஊரில் செய்தது. நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது மிச்சிகனில் ஒரு கராஜ் சேலில் வாங்கினார். அதன் முன்னால் மாட்டிய பனி பிளேடைத் தூக்க, ஒரு நீள இரும்பு லிவரை வலது கையால் இழுக்க வேண்டும். பிளேடும் சட்டமும் சேர்ந்து 40 கிலோ இருக்கும். ஒரு தடவை டிரைவ்வேயைச் சுத்தம் செய்வதற்குள் முப்பது, நாற்பது முறை இழுக்கணும்.

முதல் பனி விழுந்தது. ஆள் வந்தார், பத்து நிமிஷத்தில் தள்ளிவிட்டுப் போனார். அப்பா காபி டம்ளரோடு ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, "நல்லாத்தான் தள்றான்" என்றார். அவ்வளவுதான். மூன்றாம் நாள் அம்மா போன் செய்தார். "உங்கப்பா கராஜ் பக்கமே போகலை. ஏதாவது பண்ணேன்."

நான் சாஃப்ட்வேர் எழுதுகிறவள். ஸ்பானர் பிடித்துப் பழக்கமில்லை. ஆனாலும் பிரச்சினை எனக்குப் புரிந்தது. அப்பாவுக்கு டிராக்டர் ஓட்ட முடியும், லிவரை மட்டும்தான் இழுக்க முடியாது. அப்படியானால் மாற்ற வேண்டியது லிவரைத்தானே?

கையில் இழுப்பதற்குப் பதிலாக ஹைட்ராலிக் லிஃப்ட் வைப்பது என்று முடிவு செய்தேன். பழைய கார்கள் கிடக்கும் யார்டிலிருந்து ஒரு பவர் ஸ்டீயரிங் பம்ப் கிடைத்தது. ஆயில் தொட்டியும், அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் வால்வும் அதிலேயே இருந்தன. இன்ஜின் புல்லியிலிருந்து ஒரு பெல்ட் போட்டால் பம்ப் சுற்றும். சுற்றும் திசை மட்டும் சரியாக இருக்கணும், தலைகீழாகச் சுற்றினால் அழுத்தமே வராது. வெல்டிங் தெரிந்த ஆபீஸ் நண்பர் ஒருவர் பம்பை உட்கார்த்த பிராக்கெட் செய்து தந்தார்.

என் எட்டு வயது மகள் கணக்குப் போட்டாள். சிலிண்டரின் உள்விட்டம் ஒன்றரை அங்குலம், அதன் பரப்பு சுமார் 1.77 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 500 பவுண்டு அழுத்தம் என்று வைத்துக்கொண்டாலே 885 பவுண்டு, அதாவது சுமார் 400 கிலோ விசை. "தாத்தாவை விட ஸ்ட்ராங்!" என்றாள். தாத்தா சிரித்தார். பல நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் கராஜுக்கு வந்து ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அவளுக்கு இன்னொரு வேலையும் கொடுத்தேன். ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கக் கூடாது. ஊசித் துளை வழியே பீச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே எடுக்க வேண்டிய அளவுக்குப் போகலாம். அதனால் நீளக் குச்சி ஒன்றின் முனையில் அட்டையைக் கட்டி, தள்ளி நின்று காட்டிப் பார்ப்பார்கள். அட்டைக்குப் பொறுப்பு அவள். பிளேடு தூக்கி நிற்கும்போது கட்டை முட்டுக் கொடுக்காமல் யாரும் அடியில் கை விடக் கூடாது என்பது இரண்டாவது விதி.

டிசம்பர் நடுவில் முதல் சோதனை. வால்வின் கைப்பிடியைத் தொட்டேன், பிளேடு எழுந்தது. இறக்கினேன், இறங்கியது. பெருமையோடு டிரைவ்வேயில் ஓட்டினேன். நடைபாதை சேரும் மேட்டில் பிளேடு முட்டியதும் டிராக்டரின் முன் சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பின. ஸ்டீயரிங்கைத் திருப்புகிறேன், வண்டி திரும்பவில்லை. பயந்துபோய் அணைத்துவிட்டேன்.

அப்பா மெதுவாக நடந்து வந்தார்.

"முன்னாடி லிவரை விட்டுட்டா பிளேடு தன் கனத்துல மேடு பள்ளம் பார்த்து ஏறி இறங்கும்மா. நீ இப்போ அதை அமுக்கிப் பிடிச்சிருக்கே."

"உங்களுக்கு ஹைட்ராலிக் எப்படிப்பா தெரியும்?"

"மன்னார்குடிப் பக்கம் எங்க ஊர் மிராசுதார்கிட்ட சிவப்பு மாஸி ஃபெர்குசன் இருந்தது. பதினேழு வயசுல ஒரு வருஷம் நான்தான் ஓட்டினேன். அதுல தூக்கறதுக்குத்தான் ஆயில். இறங்கறதுக்குக் கலப்பையோட கனமே போதும்."

அவர் டிராக்டர் ஓட்டியது எனக்குத் தெரியவே தெரியாது. நானும் கேட்டதில்லை.

அன்றிரவு படித்துப் பார்த்தேன். வட அயர்லாந்து விவசாயி மகன் ஹாரி ஃபெர்குசன், கலப்பையை மூன்று இடத்தில் பிணைத்து ஹைட்ராலிக்கால் தூக்கும் முறையை உருவாக்கினார். அதற்கு முன் கலப்பை பாறையில் மாட்டினால் டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுநரைக் கொன்றுவிடும். ஃபெர்குசனின் பிணைப்பு அந்த இழுவையை முன் சக்கரங்களை அழுத்தும் விசையாக மாற்றியது. 1939-ல் ஃபோர்டு டிராக்டரில் வந்தது. 1960-ல் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களைச் சென்னையில் செய்தது. அந்த வழியில்தான் அது அப்பாவின் கைக்கும் வந்திருக்கிறது.

நான் வாங்கிய வால்வில் தூக்கு, நிறுத்து, இறக்கு என்று மூன்றே நிலைகள். வேண்டியது நான்காவதாக ஃப்ளோட் நிலை உள்ளது. அதில் சிலிண்டரின் இரு பக்கமும் தொட்டிக்குத் திறந்துவிடும். பிளேடைத் தூக்கியும் பிடிக்காது, அமுக்கியும் பிடிக்காது. வால்வை மாற்றினோம். இந்த முறை நட்டை முடுக்கியது அப்பா, இடது கையால்.

பனி தள்ளும் ஆளை நிறுத்தினேன். கட்டிய பணம் திரும்பி வரவில்லை. ஹைட்ராலிக் வைத்ததால் வயது குறைந்துவிடாது என்பதும் தெரியும், ஐஸில் வழுக்கினால் என்ன ஆகும் என்ற பயமும் போகவில்லை. அதனால் இரண்டு நிபந்தனை வைத்தேன். போன் பையில் இருக்கணும், எட்டு அங்குலத்துக்கு மேல் பனி என்றால் என்னைக் கூப்பிடணும். இரண்டுக்கும் தலையாட்டினார். மூன்றாவதை அவர் வைத்தார்.

"எனக்காக ஆள் வைக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேளு."

சரி என்றேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அங்கே தங்கியிருந்தோம். காலை ஏழு மணிக்கு இன்ஜின் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தேன். அப்பா இரண்டு விரலால் கைப்பிடியைத் தட்டி பிளேடைத் தூக்குகிறார், இறக்குகிறார். எங்கள் டிரைவ்வே முடிந்து பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார், யாரும் கேட்காமலே.

திரும்பி வந்து கராஜில் நிறுத்தியதும் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "கண்ணு, அட்டையைக் கொண்டா!"