டேங்கினுள் படிந்த துரு



2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததையும், அடுத்த சில நாள்களில் தென்பெண்ணையாற்று வெள்ளம் பாகூர்ப் பகுதி ஊர்களுக்குள் புகுந்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நீர் வடிந்தபின் வீடுகளைக் கழுவித் துடைத்தோம். வண்டிகளின் பெட்ரோல் டேங்குக்குள் இறங்கிய நீரை மட்டும் எவரும் கவனிக்கவில்லை.

நம் சபையில் வீடு வீடாகப் பால் ஊற்றும் சகோதரர் ஒருவரின் பழைய மோட்டார் சைக்கிள், அதன்பின் பல மாதங்களாக வழியில் நின்று நின்று போயிற்று. கார்புரேட்டரைக் கழற்றினால் செம்பழுப்புத் தூள். டேங்கையே மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். கையில் பணமில்லை, விடியுமுன் பால் போய்ச் சேராவிட்டாலோ வாடிக்கை போய்விடும். ஆகவே இருப்பதையே காப்பாற்றிப் பார்ப்போம் என்று அவரும் நானும் என் வீட்டு முற்றத்தில் அமர்ந்தோம்.

தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. அடியில் தங்கித் தகட்டை அரிக்கும். பாதி காலியான டேங்கின் மேற்புறமோ காற்றின் ஈரத்தால் வியர்க்கும். இக்காலத்துப் பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனாலும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் துருவைக் குறிப்பிடும் இடத்தில், மூலமொழியான கிரேக்கச் சொல்லுக்குத் தின்னுதல் என்றே பொருள். டேங்கின் வாய்வழியே டார்ச் அடித்துப் பார்த்தபோது அந்தச் சொல்லின் பொருத்தம் எனக்கு விளங்கிற்று.

பெட்ரோலைத் திறந்த வெளியில் வடித்தோம். அடுப்போ பீடியோ அருகில் கூடாது. காலியான டேங்கில் தேங்கும் ஆவியே பெரிய ஆபத்து. பெட்ரோல் குழாயைக் கழற்றி, துளையை ரப்பரால் அடைத்தோம். ஒரு கைப்பிடி நட்டுகளை எண்ணிப் போட்டு, சிறிது நீர் விட்டுத் தோள் வலிக்கக் குலுக்கினோம். எண்ணியது நல்லதாயிற்று, கடைசி இரண்டும் வெளியே வர அரைமணி நேரம் பிடித்தது! பிறகு வினிகரை நிறைத்தோம். மூடியை இறுக்கவில்லை, அமிலம் இரும்பைத் தொடுகையில் வாயு எழும். கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றார் அண்டை வீட்டுக்காரர். அது துருவோடு இரும்பையும் தின்றுவிடும், புகையும் நெஞ்சுக்குக் கேடு என்பதால் மறுத்துவிட்டேன்.

மறுநாள் மாலை கொட்டியபோது வினிகர் கடுங்காப்பி நிறத்தில் வந்தது. ஆப்பசோடா கரைத்த நீரால் எஞ்சிய புளிப்பைப் போக்கி, நல்ல நீரால் இருமுறை அலசினோம். உள்ளே தகடு சாம்பல் நிறத்தில் பளிச்சிட்டது. சகோதரரின் முகமும் மலர்ந்தது.

உண்மையில் அதுவே அவசரமான நேரம். துரு நீங்கிய வெற்று இரும்பு, ஈரம் பட்டால் சில நிமிடங்களிலேயே மீண்டும் சிவக்கத் தொடங்கும். பெருக்கி வெறுமையாய் விடப்பட்ட வீட்டைப் பற்றி ஆண்டவர் சொன்னதை நினைத்துக்கொண்டேன். வெயிலில் நன்றாக உலர்த்தி, சிறிது இன்ஜின் ஆயிலை ஊற்றி எல்லாப் பக்கமும் படும்படி உருட்டி வடித்தோம். துரு அடைத்திருந்த ஓட்டை ஏதேனும் திறந்துகொண்டதோ என்று, கொஞ்சம் பெட்ரோல் விட்டு மூட்டு ஓரங்களைத் தடவிப் பார்த்தோம், கசிவில்லை. வாய்வரை நிரப்பிக்கொள்ளச் சொன்னேன்.

குழாயில் ஒரு சிறு ஃபில்டரும் மாட்டியிருந்தோம். முதல் வாரம் அதில் சிறிது தூள் தெரிந்தது, மாற்றினோம். இரண்டாவது இன்னும் தெளிவாக இருக்கிறது.