எழுபத்து நான்கு மதகுகள்

நான் பிறந்தது அருப்புக்கோட்டைப் பக்கம். அங்கே ஏரி என்ற சொல் புழக்கத்தில் இல்லை. கண்மாய் என்றுதான் சொல்வோம். மதகுக்கு மடை. தண்ணீர் நிறைந்து வழிகிற இடம் கலுங்கு. எங்கள் கண்மாய் நிறைந்த வருஷங்களை என் அப்பா பிள்ளைகளின் பிறந்த வருஷங்களைப் போல ஞாபகம் வைத்திருந்தார். அத்தனை அரிது அது. அந்த ஊரிலிருந்து 2009-இல் காட்டுமன்னார்கோயிலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன்.

கல்யாணமான மூன்றாம் நாள் அத்தை என்னை வீராணம் கரைக்கு அழைத்துப் போனார். என் மாமியாரைத்தான் சொல்கிறேன். லால்பேட்டையைத் தாண்டிக் கரைமேல் ஏறியதும் காற்று முகத்தில் அறைந்தது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் பச்சை வயல். எதிர்க்கரை எங்கே என்று தேடினேன். வானம்தான் இருந்தது. நான் அழுதுவிட்டேன். அத்தை எதுவும் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து, "எழுபத்து நாலு மதகும்மா இதுக்கு" என்று மட்டும் சொன்னார், தன் வீட்டு நகையைச் சொல்வதைப் போல.

அந்த எண் என் மனதில் ஒட்டிக்கொண்டது. ஊரில் யாரைக் கேட்டாலும் எழுபத்து நாலுதான். டீக்கடையில் எழுபத்து நாலு, கோயிலில் எழுபத்து நாலு. சில வருஷம் கழித்து, ஸ்கூட்டி ஓட்டப் பழகிய பிறகு, ஒரு மாசி மாதக் காலையில் லால்பேட்டையில் தொடங்கி சேத்தியாத்தோப்பு வரை கரைமேல் எண்ணிக்கொண்டே போனேன். ஏறத்தாழ 15 கிலோமீட்டர். மதகுக்கு ஒரு கோடாக நோட்டில் போட்டேன். கீழ்க்கரையில் 28 வந்தது. மேல்கரையில் 6 என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆக, 34.

மீதி நாற்பது எங்கே?

முதலில் போய்க் கேட்டது என் கணவருக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவரிடம். பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மதகைத் திறப்பதும் மூடுவதும் கரையைச் சுற்றி வருவதுமே முப்பது வருஷ வேலை. அவர் எண்ணைப் பற்றிப் பேசவே இல்லை. ஏரியைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். ஏரி நிறைந்தால் 47.50 அடி என்று பேப்பரில் போடுவார்கள். நான் அது ஆழம் என்றே நினைத்திருந்தேன். "அவ்வளவு ஆழம் இருந்தா ஊரு தாங்குமாம்மா? அது கடல் மட்டத்துலேருந்து எண்ணுற கணக்கு" என்றார். உண்மையில் இது அகன்று பரந்த தட்டு. 1,465 மில்லியன் கன அடி தண்ணீரை ஆழத்தால் அல்ல, அகலத்தால் பிடித்து வைத்திருக்கிறது. அதனால்தான் கரை இவ்வளவு நீளம். பள்ளம் தோண்டி உண்டாக்கிய ஏரி இல்லை இது. மேற்கே ஜெயங்கொண்டம் பக்கத்து மேட்டிலிருந்து செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் இறங்கி வருகின்றன. கிழக்கே கடலை நோக்கிச் சரிகிற நிலம். அந்தச் சரிவின் குறுக்கே மண்ணை அணைத்து உயர்த்தியதுதான் கரை. ஓடைத் தண்ணீர் போதாத காலத்துக்குத் தெற்கே கொள்ளிடத்திலிருந்து வடவாறு வருகிறது. கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் ஆர்தர் காட்டன் கீழணையைக் கட்டினார். அதிலிருந்துதான் இன்றைக்கு வடவாற்றுக்குத் தண்ணீர் திரும்புகிறது.

இவ்வளவையும் பார்த்து முடிவெடுத்தவர் யார் என்று கேட்கத் தோன்றியது. நிலத்தின் சரிவைக் கண்ணால் அளந்து, இங்கே அணைத்தால் கீழே நாற்பதாயிரம் ஏக்கருக்கு மேல் பாயும் என்று கண்டவர் யார்? பாசனம் இன்றும் 44,856 ஏக்கர். அந்த மனிதரின் பெயர் எந்தக் கல்லிலும் கிடைக்காது. அரசனின் பெயர்தான் கிடைக்கும்.

அரசன் முதலாம் பராந்தகன். 907 முதல் 955 வரை ஆண்ட சோழன். அவனுடைய விருதுப் பெயர்களில் ஒன்று வீரநாராயணன். ஏரிக்கும் அந்தப் பெயர், ஏரியை அடுத்து உண்டான பிராமண ஊருக்கும் அதே பெயர்: வீரநாராயண சதுர்வேதிமங்கலம். வீரநாராயணன் ஏரி நாக்கில் தேய்ந்து வீராணம் ஆனது. பராந்தகன் மகன் இராஜாதித்தன் ராஷ்டிரகூடர் படையெடுப்பை எதிர்பார்த்துத் திருமுனைப்பாடி நாட்டில் வருஷக்கணக்காகப் படையோடு தங்கியிருந்தான். சும்மா இருந்த படைவீரர்களைக் கொண்டு இந்த ஏரியை வெட்டுவித்தான் என்று சொல்வார்கள். அவன் அங்கே தங்கியிருந்தது உறுதி. அவனுடைய சேரநாட்டுப் படைத்தலைவன் வெள்ளன் குமரன் 943-இல் கிராமம் என்ற ஊரில் கற்கோயில் எடுத்த கல்வெட்டு இருக்கிறது. 949-இல் தக்கோலத்தில் யானைமேல் இருந்தபடியே இராஜாதித்தன் செத்தான். ஏரிக் கதையில் எவ்வளவு உண்மையோ, எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கும். போருக்காகக் காத்திருந்த கைகள் மண் சுமந்தன என்பது நல்ல செய்தி.

ஊரின் பெயரைத் தேடி உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலுக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அங்கே தேடுவது ஒரே ஒரு கல்வெட்டை. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைப் பெயர் சொல்லி, அவர்களுடைய குடும்பத்தார் சொத்துகளைப் பறிமுதல் செய்யச் சொன்ன முதலாம் இராஜராஜனின் ஆணை அதில் இருக்கிறது. கொலைக்குப் பின்னால் யார் என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை. நான் விரலால் தடவித் தேடியது ஆணை யாருக்குப் போயிற்று என்பதை: வீரநாராயண சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு. என் ரேஷன் கார்டில் இருக்கிற ஊர், ஆயிரம் வருஷத்துக்கு முன்பு அரசனின் ஓலையைப் பெற்றுக்கொண்ட ஊர். கல் அன்று காலை வெயிலில் சூடாக இருந்தது. எழுத்துகளின் குழிக்குள் பழைய எண்ணெய்ப் பிசுக்கு.

சதுர்வேதிமங்கலம் எப்படிக் காட்டுமன்னார்கோயில் ஆனது என்பதற்கு விடை பெருமாள் கோயிலில் இருந்தது. மூலவர் வீரநாராயணப் பெருமாள். அவரை ஊரார் மன்னனார் என்றார்கள். தஞ்சைப் பக்கம் இராஜமன்னார்குடி இருப்பதால் இது காட்டுமன்னார்குடி. அதே வாயில் காட்டுமன்னார்கோயில்.

அங்கேதான் நாற்பது மதகும் இருந்தன என்று பிற்பாடு புரிந்தது.

நாதமுனிகள் பிறந்த ஊர் இது. அவர் மன்னனார் சன்னிதியில் கைங்கர்யம் செய்துகொண்டிருந்தபோது வெளியூர் யாத்ரிகர்கள் சிலர் வந்து, குடந்தைப் பெருமாளைப் பற்றிய பாசுரங்களைப் பாடினார்கள். கடைசிப் பாட்டில், ஆயிரத்துள் இந்தப் பத்து என்று வருகிறது. மீதி எங்கே என்று நாதமுனிகள் கேட்டார். அவர்களுக்குத் தெரியவில்லை. அவர் கிளம்பிக் குடந்தைக்குப் போனார். அங்கிருந்து நம்மாழ்வார் பிறந்த குருகூருக்கு. அங்கே மதுரகவியாழ்வாரின் பாசுரங்களைப் பன்னீராயிரம் முறை ஜபித்து, ஆயிரம் தேடிப் போனவர் நாலாயிரத்தையும் பெற்றுத் திரும்பினார் என்பது வைணவ மரபு. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் தொகை கண்டது அவரால்தான். ஒரு எண் காதில் விழுந்து, கையில் இருப்பது அதைவிடக் குறைவு என்று கண்டு, மனம் பொறுக்காமல் கிளம்பியவர் எங்கள் ஊர்க்காரர். இதைக் கேட்ட அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் நோட்டில் 34 கோடுகள் கிடந்தன.

நாதமுனிகளின் ஆனித் திருநட்சத்திர சமயத்தில் ஒரு மாலை உபந்யாசம். நாற்பது பேர் இருந்திருப்போம். வைணவ குருபரம்பரையை ஒரு பழைய சுலோகம் எப்படிப் பாடுகிறது என்று விளக்கினார் பெரியவர். திருமால் கடல். அந்தக் கடலில் முகந்த மேகம் நம்மாழ்வார். மேகம் பொழிந்த மலை நாதமுனிகள். மலையிலிருந்து விழுந்த இரண்டு அருவிகள் உய்யக்கொண்டாரும் மணக்கால் நம்பியும். அருவிகள் சேர்ந்த ஆறு ஆளவந்தார். அவரும் இந்த ஊரில் பிறந்தவர், நாதமுனிகளின் பேரர். ஆற்றிலிருந்து பிரிந்த ஐந்து கால்வாய்கள் ஆளவந்தாரின் சீடர்கள். கால்வாய்கள் நிரப்பிய ஏரி இராமானுஜர். ஏரியிலிருந்து சம்சாரிகள் என்னும் பயிருக்குத் தண்ணீர் விட்ட மதகுகள், அவர் நியமித்த எழுபத்து நான்கு சிம்மாசனாதிபதிகள் என்னும் ஆசாரியர்கள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

எங்கள் கரிசல் பக்கம் சம்சாரி என்றால் விவசாயி. உலக வாழ்வில் கட்டுண்டவர் என்ற வைணவப் பொருளில் அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன். ஆனாலும் என் கண்முன் வந்தது நடவுக்குக் காத்திருக்கிற வயல்தான். குடகு மலையில் மேகம் இறங்கி, ஒகேனக்கலில் அருவியாக விழுந்து, மேட்டூர் தாண்டிக் காவிரியாக வந்து, கல்லணை, கீழணை, வடவாறு என்று கால்வாயில் பிரிந்து, எங்கள் ஏரியில் தங்கி, மதகு வழியே வயலுக்குப் போகிற தண்ணீரின் வழி அப்படியே அந்தச் சுலோகத்தில் இருந்தது. ஞானம் ஒரு தலைமுறையிலிருந்து இன்னொரு தலைமுறைக்கு எப்படிப் போகிறது என்று சொல்ல நினைத்தவர்களுக்குக் கிடைத்த படம் பாசனம். ஏரிக்கரையில் வாழ்ந்தவர்களுக்கு வேறு என்ன தோன்றும்?

இந்த ஏரியின் எழுபத்து நான்கு மதகுகளைப் பார்த்துத்தான் இராமானுஜர் எழுபத்து நான்கு பேரை நியமித்தார் என்று ஊரில் சொல்வார்கள். எண் எதிர்த்திசையில் நடந்தது என்பது என் எண்ணம். மடத்திலும் சன்னிதியிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட எழுபத்து நான்கு, கோயிலை விட்டு இறங்கிக் கரைக்கு வந்து, கல் மதகுகளின்மேல் உட்கார்ந்துகொண்டது. கல்கி 1950-இல் பொன்னியின் செல்வனைத் தொடங்கியபோது வந்தியத்தேவனை ஆடிப் பெருக்கன்று இந்தக் கரைமேல் குதிரையில் வரவிட்டார். எழுபத்து நான்கு அங்கேயும் உண்டு. படித்தவர்களுக்கு அது வழியாகப் போயிற்று. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யார் சொல்லிக் கேட்டீங்க என்று ஒருநாள் கேட்டேன். "சின்னப் புள்ளையில கோயில்ல கதை சொல்லுவாங்கள்ல" என்றார்.

ஒருமுறை கணவருக்குச் சென்னையில் நல்ல வேலை வந்தது. போய்விடலாமா என்று ஒரு மாதம் பேசினோம். போரூரில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போனபோது குழாயைத் திறந்து, "இதுவும் நம்ம ஏரித் தண்ணிதான் அண்ணி" என்றாள். 2004 முதல் நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுபோகிற திட்டம். சேத்தியாத்தோப்பில் எடுத்து, வடக்குத்தில் சுத்திகரித்து, 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் போகிறது. சென்னைக்குத் தண்ணீர் வேண்டும்தான். கோடையில் ஏரி வற்றி ஆடுகள் உள்ளே மேய்கிறபோது, கடைமடையில் நாற்றுவிடக் காத்திருப்பவர்களின் முகமும் எனக்குத் தெரியும். அவர்கள் கணக்கு முதலில் கேட்கப்பட வேண்டும். நாங்கள் போகவில்லை. ஏன் என்று என்னைக் கேட்டால், மாலை நாலரை மணிக்குக் கரையோரம் வலையிலிருந்து கொட்டுகிற கெண்டை துள்ளுவதையும், லால்பேட்டைக் கொடிக்காலிலிருந்து ஈரச்சாக்கில் சுற்றி வருகிற வெற்றிலையின் வாசத்தையும், மேற்கே சூரியன் இறங்கும்போது தண்ணீர் முழுக்கச் செம்பாகிற அந்தப் பத்து நிமிஷத்தையும்தான் சொல்வேன்.

அத்தையிடம் 34 என்று சொன்னேன். சுலோகத்தையும் சொன்னேன். வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடி முழுதும் கேட்டுவிட்டு, "ஆளுங்கதான் மதகா? அப்ப எழுபத்து நாலு சரிதானேம்மா" என்றார்.

போன புரட்டாசியில் சம்பாவுக்குத் தண்ணீர் திறந்தார்கள். பெரியப்பா மாமா எங்களை ஒரு மதகடிக்கு அழைத்துப் போனார். இரும்புத் தண்டில் சக்கரத்தைச் சுற்றச் சுற்ற, முதலில் கிரீஸ் வாசம், பிறகு அடியிலிருந்து ஒரு முனகல். பழுப்பு நுரையோடு தண்ணீர் வாய்க்காலில் காய்ந்த சருகுகளைத் தள்ளிக்கொண்டு ஓடியது. என் மகள் அதன் முனையோடு கூடவே கரையில் ஓடினாள், வாய்க்கால் பிரிகிற இடம் வரைக்கும். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மதகுகளை எண்ண ஆரம்பித்தாள். அத்தை மடியில் அவள் தலை சாய்ந்தபோது பத்தொன்பது ஆகியிருந்தது. இருபதிலிருந்து அத்தை எண்ணினார்.