பழத்தோலும் எரிபொருளும்

2022ஆம் ஆண்டில் எரிபொருள் நிலையங்களின் முன் நாட்கணக்கில் வரிசையில் நின்ற எமக்கு, எரியக்கூடிய எப்பொருளும் ஆராய்தற்குரியதாகவே தோன்றிற்று. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்திற் சில துளி பெற்றோலின் உதவியோடு இயக்கி, மண்ணெண்ணெயிலே மோட்டார்ச் சைக்கிள் ஓட்டிய யாழ்ப்பாணத்தவர்க்கு இத்தகைய சிந்தனை புதிதன்று. வாழைப்பழத் தோலிலிருந்து எதனோல் பெறலாமெனப் படித்த நான், அதனைத் திணைக்கள ஆய்வுகூடத்தில் உரிய அனுமதியுடன் செய்துபார்க்க விழைந்தேன். சந்தையிலே தோல் சேகரித்த என்னைக் கண்ட அயலவர் ஒருவர், “தம்பி கம்பஸிலை கசிப்புக் காய்ச்சப் பழகிறாரோ?” என்று வினவியதும் உண்டு.

அவர் வினாவில் உண்மை இல்லாமலில்லை. இரண்டுக்கும் அடிப்படை நொதித்தலே. தோலை அரைத்து ஐதான அமிலத்துடன் சூடாக்கினால், அதிலுள்ள மாப்பொருள் முதலியன வெல்லங்களாக உடையும். செலுலோசை உடைக்கவோ நொதியங்களின் துணையும் வேண்டும். பின்னர் அமிலத்தை நடுநிலையாக்கி மதுவத்தை இட்டால், அது வெல்லத்தை எதனோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றும். 180 கிராம் குளுக்கோசிலிருந்து 92 கிராம் எதனோலுக்கு மேற் பெறல் இயலாது. எஞ்சிய 88 கிராமும் வாயுவாகிவிடும். தோடம்பழத் தோலாயின், அதன் எண்ணெயிலுள்ள லிமோனீன் மதுவத்தின் வளர்ச்சியைத் தடுக்கும். ஆதலின் அதனை முன்னரே அகற்றல் வேண்டும்.

காய்ச்சி வடித்த திரவம் நீலச் சுவாலையுடன் எரிந்தபோது நான் மகிழ்ந்தேன். ஆனால் அதனைக் கேள்வியுற்ற என் அப்பாச்சி கேட்டது ஒன்றே: “ஆட்டுக்குப் போடுற தோலை எரிச்சு என்னத்தைக் காணப்போறாய், மோனே?” இரண்டு ஆடுகளின் பாலிலே தம் செலவைப் பார்த்துக்கொள்பவர் அவர்.

அவ்வினா என்னைக் கணக்குப் பார்க்க வைத்தது. ஈரத்தோலிற் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பங்கு நீரே. ஒரு கிலோகிராம் தோலில் எஞ்சும் 100 கிராம் உலர்பொருளிற் பாதி வெல்லமானாலும், கிடைப்பது ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் எதனோலே. ஓர் இலீற்றருக்கு முப்பது கிலோகிராமுக்கு மேல் தோல் வேண்டும். அவ்விலீற்றர் தருஞ் சக்தியோ பெற்றோலினதில் மூன்றில் இரண்டு பங்கே. அத்துடன், நீர் மிகுந்த அக்கரைசலை வீட்டடுப்பில் வடிப்பதற்குச் செலவாகும் விறகின் வெப்பம், பெறும் எதனோலின் வெப்பத்தினும் அதிகமாகும்.

இதனால் இம்முயற்சி பயனற்றதென்று கொள்ளவேண்டா. பழச்சாற்றுத் தொழிற்சாலைகளில் தோல் ஓரிடத்தே குவிகின்றது. வீணாகும் நீராவியின் வெப்பமும் உண்டு. அங்கே இது பொருந்தலாம். 1975இற் பிறேசில் தொடங்கிய எதனோல் திட்டத்திலும், கரும்புச் சக்கையே வடித்தலுக்கு வேண்டிய வெப்பத்தைத் தந்தது. கிராமத்துக்கோ, வடித்தலே வேண்டாத சாணவாயுக் கலன் தக்கது.

கழிவு என்று நாம் பெயரிடும் பொருளை, வேறொருவர் தீவனமென்றோ பசளையென்றோ அழைக்கக்கூடும். அவரிடமிருந்து அதனைப் பெறுமுன், பதிலாக அவருக்கு என்ன கொடுக்கப் போகின்றோம் என்பதையும் விஞ்ஞானம் தன் கணக்கிற் சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.