மூணாங்கிளாஸ் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா?

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்ட். சனிக்கிழமை காலை. ஒரு அம்மாவும் மூன்றாம் வகுப்பு படிக்கிற மகனும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். அம்மாச்சி வீட்டுக்குப் பயணம்.

"என்ன ஊர் பஸ்ஸுடா வருது? வாசி பாப்போம்."

"ஸ்ரீவில்லிபுத்தூர்!" என்று கத்துகிறான் பையன்.

பலகையில் எழுதியிருந்தது "திருவில்லிபுத்தூர்".

சரி, இதில் என்ன தப்பு, பெரியவர்களே அப்படித்தானே சொல்வார்கள் என்று விட்டுவிடலாம். அம்மாவும் சிரித்துவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டார். ஊர் நெருங்கும்போது ஒரு கடைப் பலகையில் "மடவார்வளாகம்" என்று முகவரி போட்டிருந்தது. "இது என்னடா?" என்றார். பையன் ஒரு நொடி பார்த்துவிட்டு, "மதுரை" என்றான்.

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இதே பையன் போன பரீட்சையில் தமிழில் தொண்ணூறுக்கு மேல். செய்யுளை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். கேள்வியின் முதல் வார்த்தையைப் பார்த்தாலே பதிலை எழுதிவிடுவான். முதல் எழுத்தைப் பார்த்து மிச்சத்தை ஊகித்தே மூன்று வருஷத்தை ஓட்டியிருக்கிறான்!

இப்படிப்பட்ட பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் பெரும்பாலும். மந்தமாக இருக்கிற பிள்ளையை டீச்சர் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார். ஞாபகசக்தி உள்ள பிள்ளை மாட்டவே மாட்டாது.

மூன்றாம் வகுப்பு வரைதான் இந்த வித்தை செல்லும். ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் வாசிக்கக் கற்றுக்கொள்வதே பாடம். மூன்றாம் வகுப்பில், வாசித்துத்தான் மற்ற பாடத்தைக் கற்க வேண்டும் என்று ஆகிவிடுகிறது. 2019-ல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இரண்டாம் வகுப்பு வரை சூழ்நிலையியல் என்று ஒரே புத்தகம்; மூன்றாம் வகுப்பில் அதுவே அறிவியல், சமூக அறிவியல் என்று இரண்டாகப் பிரிந்தது. படம் குறையும், பத்தி நீளும். கணக்கிலும் "ஒரு தோட்டத்தில் இத்தனை மாமரங்கள்..." என்று நாலு வரி கதை வந்துவிடும். வாசிக்கத் தெரியாத பிள்ளை கணக்கிலும் தோற்கும். வீட்டில் "கணக்கு வரலை" என்று சொல்லி கணக்கு டியூஷனில் சேர்ப்பார்கள். நோய் ஒன்று, மருந்து ஒன்று!

விருதுநகர் மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல வருஷம் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம். மே மாதம் ரிசல்ட் வந்தால் டீக்கடையில் அதுதான் பேச்சு. அதே மாவட்டத்தை மத்திய அரசு 2018-ல் "முன்னேற விழையும் மாவட்டங்கள்" பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருந்தவை ராமநாதபுரமும் விருதுநகரும்தான். அந்த மாவட்டங்களைக் கணிக்கும் அளவுகோல்களில் ஒன்று என்ன தெரியுமா? மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் மொழித்திறனும் கணக்குத் திறனும். பிளஸ் டூவைப் பேசுகிற டீக்கடையில் மூணாங்கிளாஸைப் பேசி யாராவது கேட்டதுண்டா?

தமிழ் வாசிப்பில் பிள்ளைகள் தடுக்குகிற இடங்கள் எப்போதும் ஒன்றுதான். கொம்பு. "கொ" என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்பதில் "செடி"யும் "சேடி"யும் மாறிவிடும். அப்புறம் ல, ள, ழ. ராஜபாளையத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. நிறைய வீடுகளில் வீட்டுப் பேச்சு தெலுங்கு. தெலுங்குப் பேச்சில் ழ-வே கிடையாது. காதில் கேட்காத எழுத்தைப் பிள்ளை கண்ணால் மட்டும் படிக்க வேண்டியிருக்கிறது. அது பிள்ளையின் குற்றமல்ல. கொஞ்சம் கூடுதல் நேரம் கேட்கிறது, அவ்வளவுதான். (தாத்தா சொல்லிக் கொடுக்கும் வீடுகளில் வேறொரு வேடிக்கை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர் "லை"யைத் தும்பிக்கை போட்டு எழுதிக் காட்டுவார், பேரன் முழிப்பான்!)

ரேங்க் கார்டு இதையெல்லாம் சொல்லாது. மூன்றாம் வகுப்பில் யாரும் பெயிலாவதில்லை. கட்டாயக் கல்விச் சட்டம் 2010-ல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து தமிழ்நாட்டில் எட்டு வரை நிறுத்தி வைப்பது கிடையாது. அது நல்லதுதான். எட்டு வயதுப் பிள்ளையை அதே பெஞ்சில் உட்கார வைப்பதால் வாசிப்பு வந்துவிடாது. ஆனால் "பாஸ்" என்பதை "தெரியும்" என்று எடுத்துக்கொள்கிற பெற்றோர்தான் ஏமாறுகிறார்கள்.

கொரோனா வந்தபோது இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டிய பிள்ளை அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் உட்காரவே இல்லை. ஆரம்பப் பள்ளிகள் திறந்தது 2021 நவம்பர் 1. அரைகுறையாக இரண்டாம் வகுப்பு. 2022 ஜூனில் நேராக மூன்றாம் வகுப்பு! அந்த மாதம்தான் தமிழக அரசு "எண்ணும் எழுத்தும்" திட்டத்தை ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கியது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து அந்தந்த நிலைக்குத் தகுந்த பயிற்சி. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை அரும்பில் இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டீச்சரைப் பார்த்து "எத்தனை மார்க்" என்று கேட்பதற்குப் பதில் "என் பிள்ளை எந்த நிலையில் இருக்கான், டீச்சர்?" என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும்.

கணக்கில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. 302-ல் இருந்து 147-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 155 வந்தால் சரி. 245 என்று எழுதினால், பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது என்று அர்த்தம். கடன் வாங்குவது புரியவில்லை. நூறு கணக்கு எழுதச் சொல்லாமல், முன்னூற்று இரண்டு ரூபாயைக் கையில் கொடுத்து நூற்று நாற்பத்தேழு ரூபாய்க்குப் பால்கோவா வாங்கினால் மிச்சம் என்ன என்று நோட்டை மாற்ற விடுங்கள். வாய்ப்பாடும் அப்படித்தான். ஆறேழு எவ்வளவு என்று கேட்டால் "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு" என்று அடியிலிருந்து ஆரம்பித்தால் அது பாட்டு, வாய்ப்பாடு இல்லை.

கண்ணையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கிட்டப்பார்வை தொடங்கும் வயது இது. உயரமான பிள்ளை கடைசி பெஞ்சுக்குப் போய், கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும். வீட்டில் அதற்கும் திட்டு விழும்.

இதெல்லாம் செய்தும் எழுத்து பிடிபடவில்லை என்றால்? 2007-ல் ஆமிர்கான் எடுத்த "தாரே ஜமீன் பர்" படத்தைப் பார்த்து அழாதவர்கள் குறைவு. அதில் வரும் இஷான் ஒருமுறை தவறி மறுபடியும் மூன்றாம் வகுப்பே படிக்கிற பையன். தியேட்டரில் அழுதவர்கள் வீட்டுக்கு வந்து பிள்ளையை "சோம்பேறி" என்றார்கள் என்பது வேறு விஷயம். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டது. 2018-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல், மூன்றாம் வகுப்பிலோ எட்டு வயதிலோ ஆசிரியர் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறது. இதைப் பெற்றோர் கேட்டு வாங்கலாம். ஆறாம் வகுப்பு வரை காத்திருந்தால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே பிடிக்காமல் போயிருக்கும்.

அந்தப் பையனுக்கு அப்படி எதுவும் இல்லை. டீச்சரிடம் போய், "இவன் மனப்பாடம் பண்ணித்தான் டீச்சர் வாசிக்கிறான்" என்று அம்மா சொன்னபோது டீச்சருக்கே கொஞ்சம் ஆச்சரியம். டியூஷன் எதுவும் சேர்க்கவில்லை. ராத்திரி பத்து நிமிஷம், பாடப்புத்தகத்தில் இல்லாத எதையாவது வாசிக்க வேண்டும். மளிகைக்கடைப் பொட்டலத் தாள், கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் சரி. ஊகித்தால் அம்மா திட்டுவதில்லை, "கடைசி எழுத்து என்ன?" என்று மட்டும் கேட்பார். முதல் மாதம் அழுகைதான். நூற்றுக்கு நூறு வாங்குகிறவனிடம் "கொம்பைப் பாரு" என்றால் கோபம் வராதா?

இப்போதும் அம்மாச்சி வீட்டுக்குப் போகும்போது ஜன்னலோரம்தான் உட்காருவான். விரலால் காற்றில் எழுத்துக் கூட்டுவான். பாதி பலகை வாசிப்பதற்குள் பஸ் தாண்டிவிடுகிறது. டிரைவர் வேணும்னே வேகமாக ஓட்டுகிறார் என்று அம்மாவிடம் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறான்.