மூன்றெழுத்து வினைச்சொல்

ஆங்கிலத்திலே ஒரு சின்னஞ்சிறு வினைச்சொல் உண்டு. எழுத்து மூன்றே மூன்று. "லெட்" என்பது அதன் ஒலி. பள்ளியிலே அதைப் படிக்க எனக்கு ஒரு நாழிகை போதுமானதாயிருந்தது. அதன் பொருளை உணர்ந்திடவோ பல ஆண்டுகள் பிடித்தன.

சிற்றூர்ப் பள்ளி எங்களுடையது. ஆங்கில ஆசிரியர் கரும்பலகையிலே அச்சொல்லை மும்முறை எழுதினார். "நிகழ்காலத்துக்கும் இதுதான், இறந்தகாலத்துக்கும் இதுதான், எச்சத்துக்கும் இதுதான். காலம் மாறும், இது மாறாது!" என்றார். வகுப்பே மகிழ்ந்தது. மாறாத ஒன்றை மனப்பாடம் செய்வது எளிதல்லவா!

"லெட் ஹிம் கோ" என்றால், "அவனைப் போக விடு" என்று பொருள். இடையிலே "டு" வரலாகாது. அதே பொருள் தரும் "அலவ்" என்ற சொல்லுக்கோ "டு" வேண்டும். மாற்றி எழுதினால் பிழை, பிழைக்குப் பிரம்படி. பின்னர், துணைச்சொல் சேரச் சேரப் பொருள் கிளைவிட்டது. "டவுன்" சேர்ந்தால் கைவிடுதல். "அவுட்" சேர்ந்தால் வெளியே விடுதல். "ஆஃப்" சேர்ந்தால் தண்டியாது விடுதல். ஒவ்வொன்றுக்கும் தமிழ் தேடினேன். தேடிய போதெல்லாம் நம் "விடு"தான் ஓடிவந்து நின்றது. விடுதலை அதிலிருந்து பிறந்தது. விடுதியும் விடுமுறையும் அதிலிருந்தே பிறந்தன. முதலெழுத்து நீண்டால் "வீடு" என்கிறது நம் இலக்கணம். விடுதலையும் வீடும் ஒரே வேரில் கிளைத்தவை என்றறிந்தபோது, எங்கள் குடிசையின் கூரை சற்றே உயர்ந்ததுபோல் தோன்றிற்று எனக்கு.

படித்தேன், பட்டம் பெற்றேன், வேலை தேடிச் சென்னை வந்தேன். வேலை கிடைத்தது. வீடு?

தெருத்தெருவாய் நடந்தேன். ஒரு வாயிலிலே பலகை தொங்கிற்று: "டு லெட்." பள்ளித் தோழனைக் கண்டதுபோல் நெஞ்சு குளிர்ந்தது. வாடகைக்கு விடப்படும் என்பதல்லவா பொருள்! கதவைத் தட்டினேன். பெரியவர் ஒருவர் வந்தார்.

"வீடு காலிதானே அய்யா?"

"காலிதான், தம்பி. சொந்த ஊர் எது?"

சொன்னேன்.

"ஓ, தெரியுமே! ஊரிலே எந்தத் தெரு?"

அந்தக் கேள்வியின் பொருளை அறிய அகராதி தேவையில்லை. தெருவைச் சொன்னேன். பெரியவரின் முகத்திலே சினமில்லை, சிரிப்புமில்லை. "மறந்தே போனேன், தம்பி. நேற்றே ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டார்" என்றார். கதவு மெல்லத்தான் சாத்தப்பட்டது. மறுவாரம் அவ்வழியே சென்றேன். பலகை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. காலம் மாறும், இது மாறாது!

தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆம் விதி முழங்குகிறது. சட்டம் ஒழித்தது, திண்ணை ஒழிக்கவில்லை.

சில மாதங்கள் சென்றபின், நூலகத்திலே பேரகராதியொன்றைப் புரட்டினேன். "லெட்" என்பதற்கு "விடு" என்ற பொருளும் இருந்தது. "தடு" என்ற பொருளும் இருந்தது. திடுக்கிட்டேன். பழைய ஆங்கிலத்திலே அவை இருவேறு வினைகள். ஒன்று அனுமதிப்பது, மற்றொன்று தாமதப்படுத்தித் தடுப்பது. காலப்போக்கில் இரண்டும் ஒரே ஒலியில் வந்து கலந்தன. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், ஆவியின் பின்னே செல்லவிடாது தன்னைப் பிடித்து நிறுத்துவோரைக் குறிக்கத் "தடு" என்ற பொருளிலேயே அச்சொல்லை ஆள்கிறான். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்திலும் அப்பொருள் உண்டு. மக்கள் நாவில் பொருள் மாறிவிட்டதால், 1881இல் வந்த திருத்தப் பதிப்பிலே அவ்விடத்தில் வேறு சொல் இடப்பட்டது. புனித நூலேயாயினும் புரியாத சொல்லைத் திருத்த அவர்கள் தயங்கவில்லை!

பழைய பொருளின் எச்சம் இன்றும் உண்டு. டென்னிஸ் ஆட்டத்திலே முதல் அடி வலையை உரசி உரிய கட்டத்தில் விழுந்தால் "லெட்" என்கிறார்கள். நம் இந்தியப் பாஸ்போர்ட்டிலும், இவரைத் தடையின்றிச் செல்ல விடுக என்று குடியரசுத் தலைவரின் பெயரால் கேட்கும் வாசகத்திலே, தடை என்பதற்கு அச்சொல்லே நிற்கிறது. அயல்நாட்டு எல்லையிலே நமக்காகக் குடியரசுத் தலைவர் கேட்கிறார். அடுத்த தெருவிலே கேட்பவர் யார்?

அப்போதுதான் தெளிந்தேன். அந்தப் பெரியவர் ஆங்கிலம் அறிந்தாரோ இல்லையோ, அச்சொல்லின் இரு பொருளையும் அறிந்திருந்தார். பலகையிலே "விடு", வாயிற்படியிலே "தடு"!

இத்தோடு முடித்தால், குற்றமெல்லாம் அவர் தலையில் விழும், எனக்கும் எளிது. ஆனால், உண்மை அவ்வளவு எளிதன்று. சென்ற ஆண்டு என் வீட்டு மாடி காலியாயிற்று. பலகை மாட்டினேன். இளைஞன் ஒருவன் வந்தான். "எந்த ஊர், தம்பி?" என்றேன். சொன்னான். அடுத்த கேள்வி என் நாவின் நுனிவரை வந்துவிட்டது. ஆம், தோழர்களே, எனக்குத்தான்! எந்தக் கேள்வி என்னை வெயிலிலே திருப்பி அனுப்பியதோ, அதே கேள்வி. விழுங்கினேன். சாவியை அவன் கையிலே கொடுத்தேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. நோய் அவர் வீட்டுத் திண்ணையிலே மட்டும் இல்லை என்று தெரிந்துவிட்டதே!

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. "லெட் அஸ் கோ" என்ற தொடருக்கு இரு பொருள் உண்டு. "எங்களைப் போக விடுங்கள்" என்பது ஒன்று, அது விண்ணப்பம். "வாருங்கள், போவோம்" என்பது மற்றொன்று, அது அழைப்பு. பேச்சிலே அதைச் சுருக்கி "லெட்ஸ்" என்றால், விண்ணப்பம் மறைந்து அழைப்பு மட்டுமே நிற்கும். 1924இல் வைக்கத்திலே, கோயிலைச் சுற்றிய தெருக்களிலே நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் எழுந்தது. பெரியார் சென்றார், சிறைப்பட்டார். "நடக்க விடுங்கள்" என்று கெஞ்சியா அப்போர் வளர்ந்தது? "வாருங்கள், நடப்போம்" என்றவர்களால் வளர்ந்தது!

முதற்பொருளைப் பள்ளியிலே படித்தேன். இரண்டாவதைப் படிக்க என் வீட்டு வாயிற்படிவரை வரவேண்டியிருந்தது. நீங்கள் இளைஞர்கள், உங்களுக்கு அத்தனை ஆண்டுகள் ஆகவேண்டாம். பலகை மாட்டும் நாள் உங்களுக்கும் வரும். அன்று, "எந்தத் தெரு?" என்று கேட்க நா எழுமானால், அதை மட்டும் தடுத்துவிடுங்கள். வந்தவரை உள்ளே விடுங்கள்.